அரை லிட்டரும் ஒரு துடைப்பக் குச்சியும்

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் தொடங்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன். இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு, கோழிக்குழம்புச் சட்டியைக் காலி பண்ணிவிட்டுத்தான் பெங்களூரு பஸ் ஏறினாய். நலமாகத்தான் இருக்கிறாய். எனக்கும் இருமலைத் தவிர வேறு குறையில்லை. தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்லலாமென்றால், நான் வாயைத் திறந்ததுமே 'சரிப்பா, சரிப்பா' என்று நீ போனைத் தடவ ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் கடைக்குப் போய்க் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முப்பது வருஷம் பெட்ரோல் போட்ட கை இது. பேனா பிடித்ததெல்லாம் ரசீது எழுதத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தொடங்குகிறேன். சாப்பிட்ட பிறகு நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனைக் காட்டினாய். நிச்சயதார்த்தத்துக்கு சௌமியாவுக்கு நீ வாங்கிக் கொடுத்த கரண்டு வண்டி அதில் ஒரு படமாக வந்தது. "இங்க பாருப்பா, அறுபத்திரண்டு பர்சென்ட் சார்ஜ் இருக்குது. வண்டி இப்ப பர்கூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட நிக்குது" என்றாய். அவளுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். வாங்கும்போதே உன் நம்பரைத்தான் கொடுத்தாய் என்றும், அவள் எவ்வளவு தூரம் ஓட்டினாள், எங்கே எத்தனை நிமிஷம் நிறுத்தினாள் என்பதெல்லாம் உனக்கு வந்துவிடும் என்றும் சொன்னாய். வேண்டுமென்றால் இங்கிருந்தபடியே வண்டியைப் பூட்டிவிடலாம் என்றும் காட்டினாய். அவளிடம் சொன்னாயா இல்லையா என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், "எல்லாம் சேப்டிக்குத்தாம்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாய். கையிலிருந்த வாழைப்பழத்தை உரிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நீ சோடா வாங்கிவந்து கொடுத்தாய்.

எனக்கு ஏன் பழம் இறங்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் நான் வேலை பார்த்த பெட்ரோல் பங்கிலிருந்துதான் சொல்ல வேண்டும். நாகரசம்பட்டியில் அடுத்தவர் மாந்தோப்பில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். இருபத்திரண்டு வயதில் ஓசூருக்கு வந்து, ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் இருந்த பெட்ரோல் பங்கில் சேர்ந்தேன். நீ இன்றைக்குப் பார்க்கிற பங்க் மாதிரி உயரமான கூரையும் விளக்கும் அங்கே கிடையாது. ஒரு சிமெண்டு மேடை, அதன்மேல் ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்புப் பெட்டிகள், அவ்வளவுதான். பெட்டியின் முகத்தில் எண்கள் உருண்டு ஓடும். கரண்டு போய்விட்டால் பக்கவாட்டில் கைப்பிடியைச் சொருகிச் சுற்ற வேண்டும். அப்போதெல்லாம் கரண்டு இருக்கிற நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுற்றிச் சுற்றியே என் வலது தோள் இடது தோளைவிடப் பெருத்துப்போனது. பெட்ரோல் போடுமுன் 'ஜீரோ பாத்துக்கங்க' என்று தமிழில் சொல்ல வேண்டும், கன்னடக்காரரிடம் 'ஜீரோ நோடி', தெலுங்குக்காரரிடம் 'ஜீரோ சூடண்டி'. நிறுத்தச் சொல்வது அவர்கள் வேலை. ஒருவர் 'போதும்' என்பார், ஒருவர் 'சாக்கு' என்பார், இன்னொருவர் 'சாலு' என்பார். மூன்று பாஷையிலும் 'போதும்' தெரிந்தவனுக்கு ஓசூரில் பிழைப்பு உண்டு என்று முதலாளி சிரிப்பார்.

பெட்ரோல் விஷயத்தில் எல்லாரும் கஞ்சர்கள்தான், அதை அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டேன். சபாரி சட்டை போட்ட மேனேஜர்கூட போட்டு முடிந்ததும் ஸ்கூட்டரைச் சாய்த்து ஆட்டுவார். குழாயைத் தூக்கி உதறச் சொல்வார், கடைசிச் சொட்டும் விழுந்த பிறகுதான் மூடியைத் திருகுவார். கர்நாடகத்தில் விலை குறைந்தால் ஓசூரே எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு ஓடும். இங்கே குறைந்தால் அவர்கள் கேனோடு இங்கே வந்து நிற்பார்கள். விலை ஏறப் போகிறது என்று ரேடியோவில் செய்தி வந்துவிட்டால் அன்று சாயங்காலம் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நான் போட்ட பெட்ரோலில் திருப்பதி போனவர்கள் உண்டு, பம்பாய் போனவர்கள் உண்டு. நான் மட்டும் அந்த மேடையை விட்டு நகர முடியாது. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். ஊரே என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். அந்த மேடையில் நிற்கும்போது சில நாள் எனக்கு அழுகைகூட வந்திருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

அந்தப் பங்கில் எனக்கென்று ஒரு மரியாதையான வேலை இருந்தது. தினமும் காலையில் 'டிப்' பார்ப்பது. பூமிக்கடியில் இருக்கிற டேங்கின் மூடியைத் திறந்து, அளவு குறித்த நீளக் கம்பியை இறக்கி எடுத்து, ஈரம் எந்தக் கோடுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நேற்று இருந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும். யாராவது கைவைத்திருந்தால் கம்பி காட்டிக்கொடுத்துவிடும். ஆள் பொய் சொல்லுவான், கம்பி பொய் சொல்லாது என்பார் முதலாளி. நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

உன் அம்மா பாகலூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், தெலுங்குக் குடும்பம் என்பது உனக்குத் தெரியும். தாயில்லாத பெண். அப்பா ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். கல்யாணத்துக்கு முன்பே அவள் சிப்காட்டில் ஒயர் பின்னுகிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நீ பிறந்து மூன்று வருஷம் ஆனபோது, அந்தக் கம்பெனியில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்தாற்போல மொபெட் வாங்கினார்கள். உன் அம்மாவும் தன் சம்பளத்தில் ஒன்று வாங்கினாள். மூன்றே நாளில் ஓட்டப் பழகிவிட்டாள். உன்னை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு பால்வாடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தெருமுனை திரும்புவதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தனியாக வண்டியில் வருகிற பெண்கள் பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போனதும், நின்றிருக்கிற ஆம்பளைகள் ஏதாவது பேசுவார்கள். என்ன பேசுவார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அதற்குச் சிரித்திருக்கிறேன். சில நாள் நானே பேசியும் இருக்கிறேன். என் பெண்டாட்டி வண்டி எடுத்த அன்றிலிருந்து அந்தச் சிரிப்பெல்லாம் திரும்பி என் மேலேயே விழுவது போல இருந்தது. அவள்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை என்று எழுதினால் அது பொய். சந்தேகம் இருந்தது. அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்தேன். பெட்ரோல் விக்கிற விலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா என்று ஆரம்பித்தேன். அந்த வண்டிக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும், கலக்காமல் ஊற்றினால் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கலவை அளவு உனக்குத் தெரியாது, நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே போட்டால் எந்தப் பங்க் ஆளும் மறுநாளே எனக்குச் சொல்லிவிடுவான். அது அவளுக்கும் தெரியும்.

இரண்டு நாளைக்கு அரை லிட்டர். வீட்டிலிருந்து பால்வாடி, அங்கிருந்து கம்பெனி, திரும்ப வீடு. அதற்கு மேல் ஒரு சந்தைக்குப் போய்வரலாம், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கிறவன் வீட்டில் அளந்து ஊற்றினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சரிதான். அதோடு நின்றிருந்தால்கூட மன்னிக்கலாம். ஒருநாள் தென்னந்துடைப்பத்தில் கெட்டியான குச்சியாகப் பார்த்து ஒன்றை உருவினேன். மொபெட் டேங்கில் அளந்து அளந்து ஊற்றி, குச்சியில் பிளேடால் கோடு கீறினேன். கால் லிட்டருக்கு ஒரு கோடு, அரைக்கு ஒரு கோடு, முக்காலுக்கு ஒன்று. காலையில் அவள் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரத்தில், டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்ப்பேன். நேற்று எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்று ஈரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவேன். பிறகு குச்சியைத் துடைத்து, வீட்டுக் கரண்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சொருகிவிடுவேன். கட்டின பெண்டாட்டிக்கு டிப் பார்த்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. இடையில் ஈரம் கொஞ்சம் ஏறி, மறுபடி பழைய கோட்டுக்கே இறங்கியதுண்டு, வண்டி சாய்ந்து நின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் குச்சி எனக்கு வேறு கதை சொன்னது. ஈரம் இருக்க வேண்டிய கோட்டுக்கு மேலே இருந்தது. அடுத்த வாரம் இன்னும் மேலே. முதலில் வேறு யாரோ ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்று புத்தி கெட்டு யோசித்தேன். அப்புறம், வண்டி பழகப் பழக நல்ல மைலேஜ் கொடுக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். பங்கில் பெருமையடித்தேன், என் வீட்டு வண்டி மைலேஜைக் கம்பெனிக்காரனே நம்பமாட்டான் என்று. மைலேஜ் கூடிவிட்டால் அரை லிட்டர் எதற்கு? அரைக்குப் பதிலாகக் கால் ஊற்றினேன், சில நாள் அதுவும் இல்லை. மேலே நின்ற ஈரத்தை மெல்ல மெல்லக் கீழே இறக்கிக் கொண்டுவந்துவிட்டேன். குறைத்ததை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மதியம், உன் தாத்தா தோட்டத்தில் விழுந்துவிட்டார், மூச்சு இழுக்கிறது என்று அவள் கம்பெனிக்குப் போன் வந்தது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாகலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி இருமி நின்றது. டேங்கில் சொட்டு இல்லை. வெயிலில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு பெட்டிக்கடையில் பாட்டிலில் பெட்ரோல் கிடைத்தது. ஆயில் இல்லையா என்று கேட்டாளாம், இல்லை என்றார்களாம். வேறு வழியில்லாமல் ஊற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். நாலைந்து கிலோமீட்டரில் இன்ஜின் இறுகிவிட்டது. வண்டியை ரோட்டோரத்தில் போட்டுவிட்டு மிச்சத் தூரம் நடந்து, ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவள் அப்பா இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளிடம் சொன்னார்கள்.

எனக்குச் சேதி வந்து, உன்னையும் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து நான் போனபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அவரைக் கிடத்தியிருந்தார்கள். உன் அம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் துக்க வீட்டில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வியை உனக்கு எழுதுகிறேன். இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. "வண்டி எங்க?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் விடவில்லை. எங்கிட்டச் சொல்லாம ஏன் கிளம்பின, ஒரு போன் பண்ணியிருந்தா நானே பெட்ரோலோட வந்திருப்பேனே என்று பத்துப் பேர் நடுவில் கேட்டேன். நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அவள் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுக் குச்சியை எடுத்தாள். அதையும் வண்டிச் சாவியையும் சேர்த்து என் முன்னால் வைத்தாள். "சாலு" என்றாள். என்னோடு எப்போதும் தமிழில்தான் பேசுவாள், அன்று அந்த வார்த்தை தெலுங்கில் வந்தது. போதும் என்று ஆயிரம் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், சொன்னதும் கையை எடுத்துவிடுவேன். அன்று எதிலிருந்து கையை எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. குச்சியை உடைத்து அடுப்பில் போட்டேன். வண்டியை ரிப்பேர் பண்ணிக் கொண்டுவந்து நிறுத்தினேன், டேங்க் நிறைய ஊற்றியும் வைத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். லைன் லீடர் வேலை தேடி வந்தது, ஷிப்டு மாறி மாறி வரும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, வேண்டாமென்றுவிட்டாள். அப்புறம் வேலையையும் விட்டாள். வண்டி துருப்பிடித்து, நீ ஆறாவது படிக்கும்போது பழைய இரும்புக்காரனிடம் போனது.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக உன் அம்மா தனியாக எங்கும் போனதில்லை, நீ கவனித்திருக்கிறாயா? கோயிலுக்கு நான் கூட்டிப் போவேன். துணிக்கடைக்கு நீ கூட்டிப் போவாய். ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டுமென்றால் என் முகத்தைப் பார்ப்பாள். அதைப் பாசம் என்று சொல்லிக்கொண்டேன், என் பெண்டாட்டி என்னை விட்டு நகரமாட்டாள் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன். இப்போது பங்கும் இல்லை, ரோடு போட எடுத்துக்கொண்டார்கள். காலை முதல் ராத்திரிவரை இரண்டு பேரும் இந்த இரண்டு அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். கதவு திறந்துதான் கிடக்கிறது. அவளைக் கட்டிப்போட்ட கயிற்றின் இன்னொரு முனையில் நானும்தான் கட்டிக்கிடக்கிறேன். அவளை அடைத்துவைத்ததில் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், சொல்ல ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பிப் போனதும் அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நீ போனில் காட்டியதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "அந்த மைலேஜ் கதைய நான் உங்ககிட்டச் சொன்னதே இல்லீங்க" என்று ஆரம்பித்தாள். சொன்னாள். வண்டி மைலேஜ் ஒன்றும் கூடவில்லை. பால்வாடிக்குப் போகிற வழியில் ஒரு இறக்கம், கம்பெனிக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு இறக்கம். அங்கெல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடுவாளாம். மேட்டில் இறங்கித் தள்ளுவாளாம். அப்படிச் சொட்டுச் சொட்டாக டேங்கில் மிச்சம் பிடித்து, போய்வரத் தேவையான அளவு சேர்ந்ததும் ஷிப்டு முடிந்து ஒரு எட்டு அப்பாவைப் பார்த்துவிட்டு வருவாளாம். அந்த இரண்டு வருஷத்தில் ஐந்து தடவை போயிருக்கிறாள். அவருக்குச் சோறு வைத்துக் கொடுத்துவிட்டு, பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். அவர் விழுந்த அன்றும் டேங்கில் தான் சேர்த்தது இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் வண்டியை எடுத்திருக்கிறாள். அது இல்லாமல் போனது எப்படி என்பது, காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து பெட்ரோல் வாசம் வந்து, கோடு கீறிய குச்சியைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்ததாம்.

இவ்வளவு நாள் இதைச் சொல்லாமல் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்டேன். "சொன்னா நீங்க தாங்கமாட்டீங்கன்னு இருந்தேன். இப்ப அவனும் ஆரம்பிச்சுட்டான்" என்றாள். பிறகு உன்னைப் பற்றி ஒன்று சொன்னாள். வண்டி இறக்கத்தில் உருளும்போது முன்னால் நின்றுகொண்டு நீ கைதட்டுவாயாம், அம்மா, வண்டி சத்தமே போடாமப் போவுது என்று. அதை என்னிடமும் நீ சொல்லியிருக்கிறாய், எனக்கு ஞாபகம் வருகிறது. குழந்தை ஏதோ உளறுகிறது என்று விட்டுவிட்டேன். டேங்குக்குள் குச்சி விட்டுத் தேடியவனுக்கு, பெற்ற பிள்ளை வாயால் சொன்னது காதில் ஏறவில்லை.

கண்ணு, சௌமியாவுக்கு நீ வாங்கிக் கொடுத்த வண்டியில் பெட்ரோல் டேங்கே கிடையாது. ஆயில் கலக்க வேண்டாம், விலை ஏறினால் கவலைப்பட வேண்டாம். நான் பட்ட பாட்டில் பாதி உன் காலத்தில் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் குச்சி மட்டும் உன் கையில் இருக்கிறது. நான் சிக்கனம் என்றேன், நீ சேப்டி என்கிறாய். நான் காலையில் ஒரு தடவை பார்த்தேன், நீ நினைத்த நேரமெல்லாம் பார்க்கிறாய். என்னால் பெட்ரோலைக் குறைக்கத்தான் முடிந்தது, உன்னால் ஓடுகிற வண்டியையே நிறுத்த முடியும். அவள் பர்கூரில் செருப்புக் கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கிறவள். கல்யாணத்துக்குப் பிறகு நம் வீட்டுக்கு வந்து, ஓசூரில் வேலை தேடிக்கொள்ளப் போகிறவள். அவள் பத்து நிமிஷம் எங்காவது நின்றால் ஏன் நின்றாள் என்று நீ கேட்பாய். முதலில் சிரித்துக்கொண்டே கேட்பாய். அப்புறம் அவள் நிற்பதை விட்டுவிடுவாள், அப்புறம் போவதையே விட்டுவிடுவாள். நீ அதைப் பாசம் என்று சொல்லிக்கொள்வாய். வண்டிக் கணக்கை அவள் நம்பருக்கு மாற்றிக் கொடுத்துவிடு. மாற்றியதை மட்டும் சொல்லாதே, இத்தனை நாள் பார்த்ததையும் சொல். அவளுக்குக் கோபம் வந்தால் வாங்கிக்கொள். கல்யாணமே வேண்டாம் என்றாலும் அது அவள் இஷ்டம். தாலி கட்டின பிறகு அவளாகக் கண்டுபிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். பயம் வருகிறதா? வரட்டும். எனக்கும் வந்தது, நான் அதை உன் அம்மா தலையில் ஏற்றினேன். நீ உன்னிடமே வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை இதோடு முடித்து உனக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். துக்க வீட்டு இடம் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "இத அவனுக்கு மட்டும் அனுப்புனா படிச்சுட்டு மடிச்சு வெச்சுக்குவான். இன்னொண்ணு எழுதுங்க" என்றாள். ராத்திரி உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை ஒரு எழுத்து விடாமல் இன்னொரு நோட்டில் எழுதினேன். அதை சௌமியாவுக்குத் தபாலில் போடலாமா என்று கேட்டதற்கு வேண்டாமென்றாள். காலையில் குளித்து, மஞ்சள் பையில் நோட்டை வைத்துக்கொண்டு, தானே பர்கூருக்குப் போவதாகச் சொன்னாள். நான் சட்டையை எடுத்து மாட்டினேன். "நீங்க வரவேண்டாங்க" என்றாள். கிருஷ்ணகிரியில் பஸ் மாறணும், கூட்டமாக இருக்கும் என்றேன். கேட்டுப் போய்க்கிறேன் என்றாள். போனை எடுத்துப் போகச் சொன்னேன். அதை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே நீ இதைப் படிக்கும்போது சௌமியாவும் படித்திருப்பாள். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நீ நினைக்கலாம், உண்மைதான். நீ சொல்வதற்கு ஒரு நாள் அவகாசம் தந்திருக்கலாம். தரவில்லை. என்மேல் கோபப்படு, அம்மாவிடம் எதுவும் கேட்காதே. இப்போது மணி நாலு ஆகப்போகிறது. தனியாகச் சாப்பிட்டேன், தட்டைக் கழுவி வைத்தேன். பர்கூரில் இறங்கியிருப்பாளா, வழி கேட்டிருப்பாளா, அங்கிருந்து வேறு எங்காவது போகப் போகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழியும் இல்லை. பஸ் செலவுக்கு அவள் எவ்வளவு எடுத்துக்கொண்டாள் என்று அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்க்கக் கை இரண்டு தடவை போனது, திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் ஒரு நிமிஷம் நின்றாள். எப்போது வருவாய் என்று நான் கேட்பேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

உன் அப்பா